கதிர்வீச்சு சிகிச்சையின்போது குடலைக் காப்பாற்ற என்ன செய்யலாம்?

கேள்வி இது: "கருப்பை வாய்ப் புற்றுநோய்க்காக அம்மாவுக்குக் கருப்பையை எடுத்தாகிவிட்டது. அடுத்து இடுப்புப் பகுதியில் 25 நாள் ரேடியேஷன், கூடவே வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து என்று சொல்லியிருக்கிறார்கள். குடல் வெந்துபோகும் என்று பார்ப்பவர்கள் எல்லாம் பயமுறுத்துகிறார்கள். குளுட்டமைன் பவுடர், புரோபயாட்டிக், ஆன்டிஆக்ஸிடன்ட் என்று ஆளுக்கொன்றைச் சொல்கிறார்கள். எதைக் கொடுத்தால் குடல் தப்பிக்கும்?"

கதிர்வீச்சு சிகிச்சைத் துறையில் பல வருடமாக வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். இதைச் சாப்பிட்டால் குடலுக்கு ஒன்றும் ஆகாது என்று அடித்துச் சொல்லும்படியான மருந்து இன்றுவரை வரவில்லை. அதனால் மனம் விட்டுவிட வேண்டாம். குடலைக் காப்பாற்றும் வேலையில் பெரும்பங்கு முதல் நாள் கதிர் விழுவதற்கு முன்பே, திட்டம் போடும் கம்ப்யூட்டரில் நடந்து முடிந்துவிடுகிறது. மீதியில் ஒரு பகுதி தினமும் அம்மா எப்படித் தயாராக வருகிறார் என்பதில் இருக்கிறது. இன்னொரு பகுதி, சிகிச்சை முடிந்து மாதங்கள், வருடங்கள் கழித்து வரும் தொல்லையைச் சகித்துக்கொண்டு இருக்காமல் வைத்தியம் பார்ப்பதில் இருக்கிறது. மருந்துக் கடையில் கிடைப்பதற்கு இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான் இடம்.

முதலில், குடலுக்கு என்னதான் ஆகிறது? சிறுகுடலின் உட்புறத் தோல் 3 முதல் 5 நாளுக்குள் முழுக்க உதிர்ந்து புதிதாக வளரும். உடம்பில் இவ்வளவு வேகமாகப் புதுப்பித்துக்கொள்ளும் திசுக்கள் மிகக் குறைவு. புதுச் செல்களைத் தயாரிப்பவை, உட்சுவரில் இருக்கும் நுண்ணிய குழிகளின் அடியில் உட்கார்ந்திருக்கும் ஸ்டெம் செல்கள். வேகமாகப் பிரியும் செல்லைக் கொல்வதுதான் கதிர்வீச்சின் குணம். புற்றுச் செல்லுக்கு எதிராக நாம் பயன்படுத்துவதும் அதே குணத்தைத்தான். குழியின் அடியில் உற்பத்தி குறைந்துவிடுகிறது, மேலே உதிர்வதோ வழக்கம்போல நடக்கிறது. முதல் வாரம் பெரிதாக எதுவும் தெரியாமல், இரண்டாவது மூன்றாவது வாரத்தில் வயிறு கலங்க ஆரம்பிப்பதற்கு இதுதான் காரணம். உட்தோல் மெலிந்ததும் நீரையும் சர்க்கரையையும் பித்த உப்பையும் சரியாக உறிஞ்ச முடியாது. வயிற்றுப்போக்கு, பிடித்து இழுக்கும் வலி, வாயு, அவசரமாகக் கழிப்பறைக்கு ஓட வேண்டிய நிலை எல்லாம் அங்கிருந்து வருபவை. சிகிச்சை முடிந்த பிறகு, தப்பிப் பிழைத்த ஸ்டெம் செல்கள் மறுபடி வேலையைத் தொடங்கும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் இது தணிந்துவிடும்.

நான் அதிகம் கவலைப்படுவது இதற்குப் பிறகு வரக்கூடியதைப் பற்றி. ஆறு மாதம் கழித்தோ, பல வருடம் கழித்தோ தலைகாட்டும் பாதிப்பு வேறு வகை. குடல் சுவருக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் சுருங்கி அடைபடுகின்றன. ரத்தம் குறைந்த இடத்தில் தழும்புத் திசு படர்ந்து குடல் இறுகுகிறது. அதனால் குறுகல், அடைப்பு, ரத்தக்கசிவு வரலாம். அரிதாக, குடலுக்கும் பக்கத்து உறுப்புக்கும் நடுவே ஓட்டை விழலாம். உட்தோல் வளர்ந்துவிடும், தழும்பு அப்படிக் கரையாது. ஆகவே சிகிச்சை நாட்களில் பேதியை நிறுத்துவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. குடலில் விழும் டோஸைக் குறைப்பதுதான் இரண்டு வகைப் பாதிப்புக்கும் பொதுவான முக்கியத் தடுப்பு.

அந்த டோஸ் கணக்கு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். சிகிச்சைக்கு முன் சிமுலேஷன் என்று ஒரு சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். சில மில்லிமீட்டருக்கு ஒரு துண்டாக வரும் அந்தப் படங்களில், புற்று இருந்த இடம், நிணநீர் முடிச்சுகள், சிறுநீர்ப்பை, மலக்குடல், சிறுகுடல் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி நிறத்தில் மருத்துவர் வரைவார். கருப்பை எடுத்தவர்களின் படத்தில் ஒன்று பளிச்சென்று தெரியும். கருப்பை இருந்த காலி இடத்துக்குள் சிறுகுடல் வளையங்கள் இறங்கி உட்கார்ந்திருக்கும், அதாவது நாம் கதிர் செலுத்தப்போகும் இடத்துக்குள்ளேயே. அதே ஆளை, சிறுநீர்ப்பை நிரம்பிய நிலையில் மறுபடி ஸ்கேன் செய்து பார்த்தால், நிரம்பிய பை அந்த வளையங்களில் பலவற்றை மேலே தள்ளியிருக்கும். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள், தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்வதைச் சடங்காக நினைக்க மாட்டார்கள்.

இடுப்புப் பகுதிக்கு வழக்கமாகக் கொடுப்பது 45 முதல் 50.4 கிரே (கதிர் டோஸை அளக்கும் அலகு). ஒரு நாளைக்கு 1.8 அல்லது 2 கிரே வீதம் 25 முதல் 28 நாள். குடல் எவ்வளவு தாங்கும் என்பதற்கு 2010-ல் வெளியான குவான்டெக் என்ற தொகுப்பு இன்றும் அடிப்படை. சிறுகுடல் வளையங்களைத் தனித்தனியாக வரைந்தால், 15 கிரே வாங்கும் பகுதி 120 கன செ.மீ.க்குள் இருக்க வேண்டும். வயிற்று உள்ளறையை மொத்தமாக ஒரு பையாக வரைந்தால், 45 கிரே வாங்கும் பகுதி 195 கன செ.மீ.க்குள் இருக்க வேண்டும். இந்த எண்களை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. "சிறுகுடலுக்கு எவ்வளவு டோஸ் போகிறது, வரம்புக்குள் இருக்கிறதா?" என்று மருத்துவரிடம் தாராளமாகக் கேட்கலாம். அது நியாயமான கேள்வி, பதிலும் அவரிடம் திரையிலேயே இருக்கும்.

எந்த முறையில் கொடுக்கப் போகிறார்கள் என்பதும் முக்கியம். பழைய முறையில் நான்கு பக்கத்திலிருந்து பெட்டி போலக் கதிர் வரும். நடுவில் அகப்பட்ட குடல் முழுதும் ஏறக்குறைய முழு டோஸையும் வாங்கும். ஐ.எம்.ஆர்.டி. என்ற முறையில் கதிரின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றி, குடல் இருக்கும் பக்கம் டோஸ் உள்வாங்கி வளையும்படி செய்யலாம். உங்கள் அம்மாவின் நிலைக்கு அப்படியே பொருந்தும் ஆய்வு ஒன்று இருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனைக் குழு பார்சர் என்ற பெயரில் நடத்தியது, 2021-ல் முடிவு வந்தது. கருப்பை வாய்ப் புற்றுக்கு அறுவை சிகிச்சை முடிந்து கதிர்வீச்சு பெற்ற 300 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். மூன்று வருட முடிவில், ஓரளவு கடுமையான அல்லது அதற்கும் மேற்பட்ட குடல் பாதிப்பு, பழைய வகையான முப்பரிமாண முறையில் 42.4 சதவீதம் பேருக்கு. தினமும் படம் பார்த்துக் கொடுத்த ஐ.எம்.ஆர்.டி.யில் 21.1 சதவீதம். புற்றுநோயைக் கட்டுப்படுத்தியதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. பாதிப்பைப் பாதியாகக் குறைத்த எந்த மாத்திரையையும் நான் பார்த்ததில்லை. எனவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இது ஐ.எம்.ஆர்.டி.யா? தினமும் படம் பார்த்துத்தான் கொடுப்பீர்களா?" என்பதுதான்.

தினமும் படம் பார்ப்பது ஏன்? மலக்குடலில் வாயு அடைத்திருந்தால் அது பலூன் மாதிரி உப்பி, பக்கத்தில் இருப்பவற்றையெல்லாம் நகர்த்திவிடும். திட்டத்தில் வரைந்த இடம் ஒன்று, இன்றைக்கு இருக்கும் இடம் வேறு. அப்படிப்பட்ட நாளில் மேசையிலிருந்து இறக்கி, கொஞ்சம் நடந்து, கழிப்பறைக்குப் போய்விட்டு வரச் சொல்வார்கள். நோயாளிகளுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும், காத்திருப்பவர்கள் முறைப்பார்கள். ஆனால் அந்த அரை மணி நேரம் குடலுக்காகச் செலவழித்தது. மலச்சிக்கல் இருந்தால் முன்கூட்டியே சொல்லி மருந்து வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் எவ்வளவு, எத்தனை நிமிடம் முன்னால் என்பது இடத்துக்கு இடம் மாறும். சிமுலேஷன் அன்று எப்படிச் செய்தாரோ, 25 நாளும் அதே அளவு, அதே நேர இடைவெளி. முதல் நாள் நிரம்ப நிரம்பக் குடித்துவிட்டு, மூன்றாவது வாரம் எரிச்சலுக்குப் பயந்து குறைத்துவிடுவது நிறைய நடக்கிறது. முடியவில்லை என்றால் அங்கிருக்கும் டெக்னாலஜிஸ்ட்டிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவர்கள் வழி சொல்வார்கள்.

மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ப்ராஸ்டேட் புற்றுக்குக் கதிர் கொடுக்கும்போது, ப்ராஸ்டேட்டுக்கும் மலக்குடலுக்கும் நடுவில் ஹைட்ரோஜெல் ஒன்றை ஊசி மூலம் செலுத்தி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடைவெளி உண்டாக்கலாம். சில மாதங்களில் அது தானாகக் கரைந்துவிடும். மலக்குடல் புற்றுக்குச் சில இடங்களில் வயிற்றுப் பகுதியில் பள்ளம் உள்ள பலகையில் குப்புறப் படுக்க வைத்து, குடலை முன்பக்கம் தொங்கவிட்டுக் கதிர் கொடுப்பார்கள். உள்ளிருந்து கொடுக்கும் பிராக்கிதெரபியில், துணிச்சுருளை வைத்து அடைத்து மலக்குடலைத் தள்ளி வைப்பார்கள். எல்லாவற்றிலும் தத்துவம் ஒன்றே: கதிரின் வழியிலிருந்து குடலை விலக்கு.

இனி மருந்துகள். குளுட்டமைன் குடல் செல்லுக்கு உணவு என்பது உண்மை, எலிகளில் நல்ல பலன் தந்ததும் உண்மை. மனிதர்களில் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் கதிர்வீச்சுப் பேதியை அது தடுக்கவில்லை. பணத்தை வேறு சத்தான உணவுக்குச் செலவிடுங்கள். சுக்ரால்ஃபேட் புண்ணுக்குப் போர்வை போல இருக்கும் என்று எண்ணி, தடுப்பாக வாய்வழி கொடுத்துப் பார்த்தார்கள். உதவவில்லை, சில தொல்லைகள் கூடவும் செய்தன. குடல் அழற்சிக்குக் கொடுக்கும் மெசலமைன் வகை மருந்துகள் கதிர்வீச்சு நேரத்தில் பேதியை அதிகப்படுத்தின. அதே அழற்சிக்கான இன்னொரு மருந்து சல்ஃபாசலசின் முதலில் நம்பிக்கை தந்தது, வழிகாட்டுதல்களில்கூட இடம்பெற்றது. 2016-ல் வெளிவந்த ஆய்வில் பலன் இல்லை, பக்க விளைவு கூடுதல் என்று தெரிந்தது. ஆக்ட்ரியோடைடு என்ற ஊசி மருந்தைப் பேதி வரும் முன்பே தடுப்பாகக் கொடுத்ததும் பயன்படவில்லை. ஆனால் பேதியை நிறுத்தும் வழக்கமான மருந்தான லோபரமைடுக்கு அடங்காத கடும் பேதியை நிறுத்த அது உதவும்.

புரோபயாட்டிக் விஷயம் இவ்வளவு தெளிவானது இல்லை. 2007-ல் இத்தாலியில் 490 பேரிடம் நடந்த ஆய்வில், பல வகை நல்ல பாக்டீரியாக்கள் அடங்கிய கலவையை எடுத்தவர்களில் 31.6 சதவீதம் பேருக்கும், வெற்றுப் பொடி எடுத்தவர்களில் 51.8 சதவீதம் பேருக்கும் பேதி வந்தது. பிற்பாடு வந்த சிறிய ஆய்வுகள் முன்னுக்குப் பின் முரணாக இருக்கின்றன. கடையில் விற்கும் ஒவ்வொரு பாட்டிலிலும் இருக்கும் பாக்டீரியா வேறு, ஒன்றின் பலனை மற்றொன்றுக்கு ஏற்றிச் சொல்ல முடியாது. அம்மா சிஸ்பிளாட்டின் எடுப்பதால் வெள்ளையணு இறங்கும் நாட்கள் வரலாம். அப்போது உயிருள்ள பாக்டீரியாவைக் கொடுப்பதில் ஆபத்து உண்டு. கொடுக்க விரும்பினால் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, அவர் சொல்லும் வகையை மட்டும் கொடுங்கள்.

ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகளைப் பற்றி எனக்கு ஒரே கருத்துதான்: சிகிச்சை நாட்களில் வேண்டவே வேண்டாம். கதிர்வீச்சு செல்லைக் கொல்வதில் பெரும்பகுதி, அது உண்டாக்கும், ஃப்ரீ ராடிக்கல் எனப்படும் வீரியமான மூலக்கூறுகள் வழியாகத்தான். அவற்றை அடக்கும் மருந்து குடலை மட்டும் தேடிப்போய்க் காக்கும், புற்றுச் செல்லைக் காக்காது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. கனடாவில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சின்போது அதிக அளவு வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்த ஆய்வில், எடுத்தவர்களிடம் இறப்பு அதிகமாக இருந்தது. சாப்பாட்டில் வரும் காய்கறி பழங்களைச் சொல்லவில்லை, அவை நல்லவை. டப்பாவில் வரும் அதிக டோஸைத்தான் சொல்கிறேன். மூலிகைச் சாறு, பொடி எதுவானாலும் இதே அளவுகோல்: கொடுப்பதற்கு முன் மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.

சாப்பாட்டில் இன்றும் பலர் பழைய அறிவுரையைக் கொடுக்கிறார்கள். நார்ச்சத்தை அறவே விடு, காய்கறி கூடாது என்பது அது. 2017-ல் லண்டன் ராயல் மார்ஸ்டன் குழு 166 பேரை மூன்றாகப் பிரித்து இதைச் சோதித்தது. நார்ச்சத்து கூடுதலாகச் சாப்பிட்டவர்களின் குடல் நிலை, சிகிச்சை முடிவில் வழக்கமான அளவு சாப்பிட்டவர்களைவிட நன்றாக இருந்தது. ஒரு வருடம் கழித்தும் அந்த வித்தியாசம் தெரிந்தது. எனவே பேதி வருமோ என்ற பயத்தில் முதல் நாளிலிருந்தே நார்ச்சத்தை வெட்டத் தேவையில்லை. பேதி கடுமையாக இருக்கும் சில நாட்கள் மட்டும் குறைத்துக்கொண்டு, அடங்கியதும் பழையபடி சாப்பிடலாம். குடலில் குறுகல் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. மூன்றாவது வாரவாக்கில் பால் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி மெலிந்த உட்தோலில் குறைந்துவிடுவதே காரணம். தற்காலிகம்தான், கொஞ்ச நாள் நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். எடை குறையாமல் பார்த்துக்கொள்வது எல்லாவற்றையும்விட முக்கியம். மெலிந்த பெண்களுக்குக் குடல் பாதிப்பு அதிகம் என்று பெரிய தொகுப்புகளில் தெரிந்திருக்கிறது. புகைப்பவர்களுக்குச் சிறுகுடல் சிக்கல் பல மடங்கு அதிகம். வீட்டில் யாராவது புகைப்பவர் ரேடியேஷனுக்குப் போகிறார் என்றால், நான் கொடுக்கும் முதல் மருந்துச் சீட்டு புகையை விடுவதுதான்.

பேதி வந்துவிட்டால்? லோபரமைடு நல்ல மருந்து. மருத்துவர் சொன்னபடி முதலில் 4 மி.கி., பிறகு ஒவ்வொரு தளர்ந்த மலத்துக்கும் 2 மி.கி., ஒரு நாளைக்கு 16 மி.கி.க்கு மேல் கூடாது. காய்ச்சல் இருந்தாலோ மலத்தில் ரத்தம் வந்தாலோ நீங்களாகக் கொடுக்காதீர்கள், அது கிருமித் தொற்றாக இருக்கலாம். ஓ.ஆர்.எஸ். கையோடு இருக்கட்டும். உங்கள் அம்மாவின் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் மருந்து. பேதியில் உடம்பின் நீர் வற்றிய நிலையில் அந்த மருந்து ஏறினால் சிறுநீரகம் கெடும். பொட்டாசியமும் மெக்னீசியமும் இறங்கும். நான்கைந்து முறைக்கு மேல் போகிறது, சிறுநீர் குறைகிறது, தலைசுற்றுகிறது என்றால் அடுத்த வாரப் பரிசோதனைவரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே சொல்லுங்கள். தொல்லைப்படுத்தக் கூடாது என்று நோயாளிகள் மறைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும். மறைத்து, மறைத்து, கடைசியில் ஒரு வாரம் சிகிச்சையையே நிறுத்த வேண்டி வரும். கருப்பை வாய்ப் புற்றில் மொத்த சிகிச்சை நீண்டுகொண்டே போனால் நோய் கட்டுப்படும் வாய்ப்பு குறைகிறது. எனவே பேதியைச் சீக்கிரம் அடக்குவது, குடலோடு சேர்த்து சிகிச்சையையும் காப்பாற்றுகிறது.

முடிந்த பிறகு வருவதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. "ரேடியேஷன் எடுத்தால் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வெளியே போனால் கழிப்பறை எங்கே என்று தேடிக்கொண்டே வருடக்கணக்கில் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். பலருக்கு, தேடினால் பெயர் சொல்லக்கூடிய, மருந்து உள்ள காரணம் கிடைக்கும். சிறுகுடலின் கடைசிப் பகுதி பாதிக்கப்பட்டால் பித்த உப்பு உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்கு வந்து நீர்ப்பேதியை உண்டாக்கும். அதற்கு கொலஸ்டிரமைன் மாதிரி பித்த உப்பைப் பிடித்துக்கொள்ளும் மருந்து உண்டு. அதே இடத்தில்தான் வைட்டமின் பி12 உறிஞ்சப்படுகிறது, ரத்தத்தில் அவ்வப்போது பார்க்க வேண்டும். குடல் அசைவு மந்தமான இடத்தில் பாக்டீரியா பெருகி வாயுவும் பேதியும் வந்தால், ஆன்டிபயாட்டிக்கில் அடங்கும். 2013-ல் லான்செட் இதழில் வந்த ஆர்பிட் என்ற ஆய்வில், ஒவ்வொரு அறிகுறிக்கும் எந்தச் சோதனை, எந்த மருந்து என்று எழுதிவைத்த முறைப்படி போனவர்கள், கையேடு மட்டும் வாங்கிப் போனவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். அந்த முறையைப் பயிற்சி பெற்ற நர்ஸ் நடத்தியபோதும் குடல் நிபுணர் நடத்தியபோதும் பலன் ஒரே மாதிரி இருந்தது. ஆகவே ஆறு மாதம் கழித்தும் இரவில் எழுப்பும் பேதி, அடக்க முடியாத அவசரம், ரத்தம் என்று ஏதாவது இருந்தால், குடல் நோய் மருத்துவரிடம் கட்டாயம் போங்கள்.

மலக்குடலில் ரத்தக்கசிவு வந்தால் உள்நோக்கிக் கருவியால் ஒருமுறை பார்த்து, வேறு காரணம் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். கசிவு லேசாக இருந்து ரத்த சோகை இல்லை என்றால், எதுவும் செய்யாமல் கவனித்துக்கொண்டிருப்பதே பெரும்பாலும் நல்லது. தேவைப்பட்டால் சுக்ரால்ஃபேட் எனிமா பலன் தரும். வாய்வழித் தடுப்பாகத் தோற்ற அதே மருந்து, இங்கே உள்ளே செலுத்தும்போது வேலை செய்கிறது. அதற்கும் மிஞ்சினால் ஆர்கான் வாயு மூலம் சுடுவது உண்டு. அழுத்த ஆக்ஸிஜன் சிகிச்சையைப் பற்றி 2008-ல் ஒரு ஆய்வு ஆதரவாகவும், 2016-ல் இன்னொன்று பலன் இல்லை என்றும் வந்திருக்கின்றன. அதற்காகப் பெரிய தொகை செலவழிக்கும் முன் இரண்டையும் மருத்துவரிடம் பேசுங்கள்.

கடைசியாக ஒன்று, மற்ற மருத்துவர்களுக்கே சில நேரம் தெரியாமல் போய்விடுவது. கதிர் வாங்கிய மலக்குடலின் முன்சுவர் ஆறும் சக்தி குறைந்த திசு. தேவையில்லாமல் அங்கே பயாப்ஸி எடுத்தால் ஆறாத புண்ணாகி, ஓட்டை விழும்வரை போகலாம். எனவே சிகிச்சை முடிந்ததும் எத்தனை கிரே, எத்தனை நாள், எந்தப் பகுதிக்கு, பிராக்கிதெரபி எவ்வளவு என்று எழுதிய சுருக்கத்தை வாங்கி, பத்திரமாக வையுங்கள். பத்து வருடம் கழித்து வேறு எதற்காவது கொலனோஸ்கோப்பி செய்யப் போனாலும், கருவி உள்ளே போவதற்கு முன் அந்தக் காகிதத்தை அந்த மருத்துவர் பார்க்க வேண்டும்.